மீற்றர் காட்டாத கணக்கு: புதிய காரை எப்போது, எங்கே சேர்விஸ் விடுவது?

என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் போன கிழமை இடைவேளை நேரம் என்னைக் கூப்பிட்டுத் தன் காரின் முன்கண்ணாடியைக் காட்டினார். மூலையில் ஒட்டியிருந்த சிறிய ஸ்ரிக்கரில் அடுத்த சேர்விஸ் 62,000 கிலோமீற்றரில் என்று எழுதியிருந்தது. மீற்றரில் 60,100 நின்றது.

“சேர், இன்னும் ரெண்டாயிரம் கிடக்குத்தானே. பிறகு விடலாம் எண்டு எல்லாரும் சொல்லினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

கடைசியாக எப்போது விட்டது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார். பதினொரு மாதம்.

ரீச்சரின் கணவர் 2009இல் இல்லாமல் போனவர். இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர். லீசிங்கில் எடுத்த இந்தக் காரில்தான் பாடசாலைக்கு வருகிறார், பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்குகிறார். கராச்சுக்குள் போவதென்றால் அவருக்குத் தயக்கம். “அங்கை என்ன சொன்னாலும் தலையாட்டிப்போட்டு வாறன் சேர். விளங்காத பாசையிலை கதைக்கினம்” என்றார்.

நான் மெக்கானிக் இல்லை. கணிதம் படிப்பிக்கிறவன். ஆனால் இதே கேள்விக்குப் பிழையான விடை எழுதி, ஒரு மாதச் சம்பளத்தையும் ஓர் இரவையும் இழந்தவன். ரீச்சருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இதே கேள்வியோடு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

எங்களுக்கு வாகனம் பற்றிய பழக்கங்களைப் பழக்கியது யுத்தம்தான். 1990இற்குப் பிறகு பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்கு வரத் தடை. வெளியே எங்கும் கைவிடப்பட்டிருக்கக்கூடிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் ஏ40உம் எங்கள் றோட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தன. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை கிளம்பும், கண் எரியும், ஆனால் ஆள் போய்ச் சேரும். ஆஸ்பத்திரிக்கும் போனது, கலியாணத்துக்கும் போனது, செத்தவீட்டுக்கும் போனது.

அந்த எஞ்சின்களால் அதைத் தாங்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அவற்றின் அமுக்கம் குறைவு. கார்பரேற்றர் என்ற எளிய உறுப்பில்தான் எரிபொருள் காற்றோடு கலந்தது. கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. எதையும் கழற்றலாம், துடைக்கலாம், கம்பியால் கட்டலாம். இல்லாத சாமானைக் கடைசல் பட்டறையில் செய்யலாம். அப்படி வேலை பழகிய ஒரு தலைமுறை மெக்கானிக்மார் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுடைய கைக்கு நான் கடமைப்பட்டவன்.

ஆனால் அந்தக் காலம் எங்களுக்கு இன்னொரு பழக்கத்தையும் தந்துவிட்டது: ஓடும் வரை ஓடட்டும், நின்றால் பார்ப்போம். அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஒயில் மாற்ற ஒயிலே இல்லாதபோது கையேட்டைப் பார்த்து என்ன செய்வது? இன்றைக்கு ஒயில் கடையில் இருக்கிறது. பழக்கம் மட்டும் போகவில்லை.

புதிய கார் இந்தப் பழக்கத்தை மன்னிப்பதில்லை. பழைய எஞ்சின் நோய் வந்தால் இருமும், தட்டும், புகைக்கும். மாதக்கணக்காக எச்சரித்துவிட்டுத்தான் படுக்கும். புதிய எஞ்சினில் குறை வந்தாலும் கொம்பியூட்டர் எரிபொருளையும் பொறியையும் சரிக்கட்டி ஓட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் எரியும்போது நோய் முற்றியிருக்கும்.

ஆனையிறவில் ஓர் இரவு

எங்களுடையது 2017ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த வகன் ஆர். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியதால் பழைய கார்கள்கூடக் கைக்கெட்டாத விலைக்குப் போன 2021இல் வாங்கினோம். பாதிக் காசு வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பியது, மீதி லீசிங். 2009இல் அப்பாவின் லான்ட்மாஸ்ரரைப் புதுக்குடியிருப்பில் விட்டுவிட்டு நடந்த பிறகு எங்கள் முற்றத்துக்கு வந்த முதல் வாகனம் அதுதான். அம்மாவின் மாதாந்தக் கிளினிக் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில். கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர். அதற்காகவே வாங்கிய கார்.

2022 வந்தது. பெற்றோல் வரிசை. கியூஆர் அட்டை வந்த பிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். காரை அனேகமாக முற்றத்திலேயே விட்டிருந்தேன். வரிசையில் நின்ற நாட்களில் மணிக்கணக்காக ஊர்ந்து ஊர்ந்து போனது. அந்த வருடம் முழுவதும் ஓடியது 3,000 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ‘இன்னும் 5,000 ஆகவில்லையே’ என்று சேர்விஸ் விடவில்லை.

பிறகு ஒருநாள் வழியில் கண்ட ஒரு சேர்விஸ் நிலையத்தில் விட்டேன். கழுவி, ஒயில் மாற்றி, “தண்ணி குறைஞ்சிருந்தது, விட்டிருக்கிறம்” என்றார்கள். சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன ஒயில், என்ன தண்ணீர், ஏன் குறைந்தது என்று ஒன்றும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, கிளினிக் முடிந்து அம்மாவோடு திரும்பும்போது இயக்கச்சி தாண்டியதும் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. பழைய கார்களில் சூட்டைக் காட்ட முள் இருக்கும். அது மெல்ல மெல்ல ஏறுவதைக் காணலாம். எங்கள் காரில் முள் இல்லை. எஞ்சின் குளிராக இருந்தால் நீல வெளிச்சம், அளவுக்கு மிஞ்சிச் சூடானால் சிவப்பு. இடையில் ஒன்றுமில்லை. ‘பரந்தன் மட்டும் போனால் போதும்’ என்று நினைத்து இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. ஆனையிறவு வெளியில், இரண்டு பக்கமும் கடல்நீர் கிடக்கும் இடத்தில், கார் நின்றது.

எங்கள் ஊர்க் கராச்சில் இருக்கும் அண்ணை, மண்ணெண்ணெய்க் கார் காலத்திலிருந்து வேலை செய்பவர், மோட்டார் சைக்கிளில் வந்தார். றேடியேற்றர் மூடியைத் தொட விடவில்லை. சூடு ஆறும் வரை அம்மாவை ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். அடுத்தநாள் கழற்றியபோது றேடியேற்றருக்குள் கேத்தல் அடியில் படிவது போன்ற வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு குழாய் வாயில் கசிவு. எஞ்சின் தலைப்பகுதி கேஸ்கற் போய்விட்டது.

“தண்ணி ஏன் குறைஞ்சது எண்டு பாக்காமல் கிணத்துத் தண்ணியை விட்டிருக்கினம். எங்கடை தண்ணியைக் காய்ச்சினால் கேத்திலிலை என்ன படியுது? அதுதான் இதுக்கையும் படிஞ்சிருக்கு” என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் கேக்கேல்லை” என்றார்.

அடுத்த இரண்டு கிளினிக்குகளுக்கு அம்மா பஸ்ஸில் போனார். லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை.

எப்போது?

முதலில் கணக்கு. சேர்விஸ் இடைவெளி எப்போதும் இரண்டு எண்களால் ஆனது: இவ்வளவு கிலோமீற்றர் அல்லது இவ்வளவு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஸ்ரிக்கரில் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள். நாங்களும் அதை மட்டும் பார்க்கிறோம்.

மாதம் ஏன் முக்கியம்? எஞ்சின் எரியும்போது நீராவி உண்டாகிறது. சிறிது நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலுக்குள் இறங்கும. நீண்ட தூரம் ஓடினால் ஒயில் நன்றாகச் சூடாகி அவை ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து பாடசாலைக்கு இரண்டு கிலோமீற்றர், பாடசாலையிலிருந்து சந்தைக்கு ஒரு கிலோமீற்றர் என்று ஓடும் காரில் ஒயில் அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி ஒயில் கெடும். ஆகவே குறைவாக ஓடும் கார் குறைவாகத் தேயும் என்பது முழு உண்மையல்ல.

அதேபோல, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் நேரத்தை மீற்றர் எண்ணுவதில்லை. வரிசையில் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றால் மீற்றரில் சைபர். எஞ்சினுக்கோ அது ஒரு மணித்தியால வேலை. 2022இல் எங்கள் கார்கள் எல்லாவற்றுக்கும் நடந்தது இதுதான்.

கார்க் கையேடுகளில் பெரும்பாலும் இரண்டு அட்டவணைகள் இருக்கும். ஒன்று சாதாரணப் பாவனைக்கு, மற்றது கடும் பாவனைக்கு. புழுதி றோட்டு, குறுந்தூர ஓட்டம், நின்று நின்று போதல், அதிக சூடு, பாரம் ஏற்றுதல் எல்லாம் கடும் பாவனையில் சேரும். வன்னியின் உள்வீதிகளில் ஓடும் எந்தக் காரும் இரண்டாவது அட்டவணைக்கு உரியதுதான். அதில் ஒயில் மாற்றும் இடைவெளி பொதுவாக முதல் அட்டவணையின் பாதியளவு. ஆகவே ஜப்பானில் 10,000 என்று இருந்தால் இங்கே 5,000 அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது பொருத்தம். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தால் பயப்பட வேண்டாம். கைப்பேசிக் கமராவைப் பிடித்தாலே மொழிபெயர்த்துக் காட்டும் செயலிகள் உண்டு. என் மாணவன் ஒருவன்தான் எனக்கு அதைக் காட்டித் தந்தான்.

இன்னுமொன்று. பாவித்த காரை வாங்கியவர்கள், அது நேற்றுத்தான் கப்பலால் இறங்கியதென்றாலும், மீற்றரை நம்பி அடுத்த சேர்விஸுக்குக் காத்திருக்க வேண்டாம். மீற்றரைக் குறைப்பது எங்கும் நடக்கும் களவு. வாங்கிய கிழமையே ஒயில், பில்ரர்கள், கூலன்ற், பிறேக் ஒயில் எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமானவற்றை மாற்றி, அன்றைய திகதியை ‘சைபர்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

‘சேர்விஸ்’ என்றால் கழுவி ஒயில் மாற்றுவது என்றுதான் எங்கள் பக்கத்தில் விளக்கம். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு.

எஞ்சின் ஒயில்: 5,000 அல்லது ஆறு மாதம். தடிப்பான ஒயில்தான் நல்லது என்பது பழைய எஞ்சின்களோடு வந்த நம்பிக்கை. தேய்ந்த எஞ்சினில் இடைவெளி கூட, ஆகவே தடித்த ஒயில் உதவியது. புதிய சிறிய எஞ்சின்களின் துவாரங்கள் நுண்ணியவை. பலவற்றுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலையே கையேடு கேட்கிறது. 20டபிள்யூ-50 விட்டால் ஸ்ராட் எடுத்த முதல் நொடிகளில் மேல்பகுதிக்கு ஒயில் போய்ச் சேரப் பிந்தும். நின்று நின்று ஸ்ராட் ஆகும் ஹைபிரிட் காருக்கு இது கூடுதல் பாதிப்பு. அளவும் முக்கியம். எங்கள் 660 சிசி எஞ்சின் எடுப்பது மூன்று லீற்றருக்கும் குறைவு. அரை லீற்றர் குறைந்தாலே பெரிய பங்கு போய்விட்டது என்று அர்த்தம். மாதம் இருமுறை காலையில், எஞ்சின் குளிராக இருக்கும்போது, ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

காற்று பில்ரர்: புழுதியில் ஓடினால் ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின் போதும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏசி பில்ரரும் அப்படியே.

கூலன்ற்: நிறத்தைப் பார்த்து அல்ல, கையேடு சொல்லும் வகையைப் பார்த்து விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடாது. அவசரத்துக்கு விட நேர்ந்தால் பிறகு முழுவதும் கழுவி மாற்ற வேண்டும். ரொயோட்டா ஹைபிரிட் கார்களில் இரண்டு கூலன்ற் தாங்கிகள் உண்டு. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது மின்சாரத்தை மாற்றும் இன்வேட்டருக்கு. பலர் இரண்டாவதைத் திறந்தே பார்ப்பதில்லை. அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவது பாதி வேலைதான். எங்கே போனது என்று கண்டுபிடிப்பது மறுபாதி.

பிறேக் ஒயில்: காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

கியர் ஒயில்: சிவிடி கியர் உள்ள கார்களுக்கு அந்தந்தக் கொம்பனி சொல்லும் ஒயில் மட்டும். ‘எல்லாத்துக்கும் சரிவரும்’ என்ற போத்தலைக் காட்டினால் மறுத்துவிடுங்கள். பிழையான ஒயிலால் சிவிடி போனால் திருத்துவதற்கு ஆகும் செலவு கேஸ்கற் செலவை விட மிகக் கூட.

ஹைபிரிட் பற்றரியின் காற்றாடி: ரொயோட்டா அக்வா போன்ற கார்களில் பின் இருக்கையடியில் காற்று உறிஞ்சும் வாய் உண்டு. பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் காற்று அதனூடாகத்தான் போகிறது. அதன்மேல் பை, துணி, புத்தகம் வைத்தால் அல்லது புழுதி அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். காரிலேயே மிக விலையான உறுப்புகளில் ஒன்று அது. காப்பாற்றும் வழியோ ஒரு துடைப்பம்.

நிற்கும் கார்: கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணித்தியாலம் றோட்டில் ஓட்டுங்கள். முற்றத்தில் ஸ்ராட் எடுத்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது பற்றரியையும் ஒயிலையும் இன்னும் கெடுக்கும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பொனற்றைத் திறந்து பாருங்கள்.

எங்கே?

‘முகவரிடமா, எங்கள் கராச்சிலா?’ என்று எல்லோரும் ஒரு விடையைக் கேட்கிறார்கள். ஒரே இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை. வேலையைப் பிரித்துக்கொண்டால் விடை தானாக வரும்.

முதலாவது, முகவரிடம் புத்தம் புதிதாக வாங்கிய கார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு இப்படி வாங்குபவர்கள் கூடியிருக்கிறார்கள். உத்தரவாதக் காலம் முடியும் வரை சேர்விஸை முகவரின் அல்லது அவர் அங்கீகரித்த வேலைத்தளத்தில் செய்யுங்கள். குறித்த திகதியைத் தவறவிட்டதைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க இடம்கொடுக்கக் கூடாது. கார் எடுக்கும் முன்பே அந்தப் புத்தகத்தை வாசியுங்கள். எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், எந்த உறுப்புகள் அடங்காது, மிகக் கிட்டிய வேலைத்தளம் எங்கே என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் பல மணித்தியாலம் ஓடிப்போக வேண்டியிருந்தால் அந்தச் செலவும் காரின் விலையோடு சேர்ந்ததுதான்.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார். எங்களில் பெரும்பாலானோரின் ‘புதிய கார்’ இதுதான். இதற்கு இங்குள்ள முகவரின் உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது. விற்றவர் எழுத்தில் தந்தது மட்டுமே உண்டு. ஆகவே உத்தரவாதத்துக்காக முகவரிடம் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஒயில், பில்ரர், பிறேக் கட்டை, ரயர், சஸ்பென்சன் போன்றவற்றை ஊரிலுள்ள நம்பிக்கையான கராச்சில் தாராளமாகச் செய்யலாம். சாமான் சரியாக இருந்தால் போதும். நாளைக்கு இரவில் றோட்டில் நின்றால் ஓடி வருபவரும் அவர்தான்.

சில வேலைகளை மட்டும் அதற்கென்ற கருவியும் பயிற்சியும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஹைபிரிட் பற்றரியும் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களும் சம்பந்தப்பட்ட எதுவும் அவற்றுள் முதலாவது. முதல் தலைமுறை அக்வாவின் பற்றரி 144 வோல்ற். ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம். அதற்கென்ற கையுறை இல்லாமல், பாதுகாப்புச் செருகியைக் கழற்றிப் பத்து நிமிடமாவது காத்திருக்காமல் கை வைக்கும் ஒருவரிடம் காரை விடாதீர்கள். சிவிடி, இரட்டைக் கிளச் கியர், எயர்பாக், ஏபிஎஸ் பிறேக், எஞ்சின் கொம்பியூட்டர் என்பவையும் அப்படியே. கைப்பேசியோடு இணைக்கும் மலிவான ஸ்கானர் எஞ்சின் குறைகள் சிலவற்றைக் காட்டும். ஹைபிரிட் பற்றரியின் ஒவ்வொரு தொகுதியின் நிலையையும் பார்க்க அந்தக் கொம்பனிக்குரிய ஸ்கானர் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அப்படியோர் இடத்தில் முழுமையாக ஸ்கான் செய்து, அறிக்கையைக் கடதாசியில் வாங்கி வாருங்கள்.

எயர்பாக் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த எயர்பாக்குகள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டன. அவற்றை ஊதவைக்கும் மருந்து பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளாக வெடிக்கக்கூடும். எங்கள் காலநிலை எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. ஜப்பானியக் கொம்பனிகளின் இணையத்தளங்களில் செசி இலக்கத்தைக் கொடுத்தால் அந்தக் கார் அழைக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா என்று பார்க்கலாம். உங்கள் காரின் இலக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருத்தப்படாமல் இருந்தால் முகவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.

மூன்றாவது, கழுவும் நிலையங்கள். கழுவுவதற்கு அவை நல்ல இடங்கள். எஞ்சினுக்கு மேல் அழுத்தத் தண்ணீர் அடிப்பதை மட்டும் விடாதீர்கள். வயர் இணைப்புகளுக்குள் தண்ணீர் இறங்கினால் பிறகு வரும் குறையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறிவிட்டது, ஆகவே கார் நலம் என்றும் எண்ண வேண்டாம். அது புகையை மட்டும்தான் அளக்கிறது.

கராச்சில் என்ன கேட்பது?

ரீச்சர் இதைத்தான் அதிகம் கேட்டார். ஐந்து விடயங்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

1. ஒயில் போத்தலின் முத்திரையை என் முன்னால் உடையுங்கள். மேலுள்ள எண்ணை நான் வாசிக்க வேண்டும்.

2. கழற்றிய பழைய சாமானையும் பில்ரரையும் எனக்குக் காட்டுங்கள்.

3. எதுவும் குறைந்திருந்தால் நிரப்ப முன் ஏன் குறைந்தது என்று சொல்லுங்கள்.

4. சொன்ன வேலையை விட மேலதிக வேலை வந்தால், தொட முன் எனக்கு ரெலிபோன் எடுத்து விலையைச் சொல்லுங்கள்.

5. திகதி, மீற்றர், விட்ட ஒயிலின் பெயரும் எண்ணும், மாற்றிய சாமான், எடுத்த காசு எல்லாம் எழுதிய பில் வேண்டும்.

இவற்றைக் கேட்க மெக்கானிக் அறிவு தேவையில்லை. கேட்கும்போது ஒருவர் கோபித்தால் அது வேறு கராச்சைப் பார்ப்பதற்குப் போதுமான காரணம். நல்ல வேலைகாரர் கோபிக்க மாட்டார். பெண்கள் தனியாகப் போனால் விலையைக் கூட்டிச் சொல்லும் இடங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். கையில் துண்டும் கொப்பியும் இருந்தால் அந்தக் கதை அரைவாசி குறையும். பில் இருந்தால் ஏமாற்றப்பட்டபோது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடவும் கையில் ஆதாரம் இருக்கும். எனக்கு அன்றைக்குப் பில் இருக்கவில்லை. ஆகவே அந்த நிலையத்தில் போய்க் கேட்க எனக்கு வாயும் இருக்கவில்லை.

இப்போது எங்கள் காரின் பெட்டிக்குள் ஒரு சீஆர் கொப்பி கிடக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு சேர்விஸ். அண்ணையின் கராச்சில் செய்ததை அண்ணையே எழுதுகிறார். முதலில் சிரித்தார். இப்போது தன்னிடம் வரும் மற்றக் கார்காரரையும் கொப்பி வாங்கச் சொல்கிறார். ஹைபிரிட் பற்றரிக்கு அவர் கை வைப்பதில்லை. “இது எனக்குப் பழக்கமில்லாத வேலை, யாழ்ப்பாணத்திலை காட்டுங்கோ” என்று நேரே சொல்லிவிடுவார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் என்பதால்தான் மற்ற வேலைகளுக்கு அவரை நம்புகிறேன்.

ரீச்சரின் கதைக்கு வருகிறேன். பதினொரு மாதம், 3,100 கிலோமீற்றர், எல்லாம் குறுந்தூர ஓட்டம். ஸ்ரிக்கர் சொல்வது இன்னும் 1,900. கையேட்டுக் கணக்குப்படி ஐந்து மாதம் பிந்திவிட்டது. “இந்தச் சனிக்கிழமையே விடுங்கோ ரீச்சர்” என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வந்து பில்லைக் காட்டினார். ஒயிலின் எண் எழுதியிருந்தது. பழைய காற்று பில்ரரை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். செம்மண் அடைத்து மண் நிறத்தில் இருந்தது.

“வெளிச்சம் ஒண்டும் எரியேல்லையே சேர்” என்றார்.

எரியாது ரீச்சர். அதனால்தான் நாங்கள் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.